ஐப்பசி மழையில் ஓடிய ஏசி

ஏசி மெக்கானிக் தம்பிகளே, போன வாரம் என் வீட்டு ஏசிக்கு சர்வீஸ் செய்ய உங்களில் ஒருவர் வந்தார். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் இதே ஆரணியில் இதே வேலை பார்த்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. லுங்கி பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற யாரோ ஒரு பெரிசு என்று நினைத்துவிட்டார். காதில் செருகிய போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே மாடிக்குப் போனார், அதே சிரிப்போடு இறங்கி வந்தார், கிளம்பிவிட்டார். நான் மேலே போய் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தேன். ஒயர் உள்ளே போகிற பக்கவாட்டு மூடிக்கு நாலு ஸ்க்ரூ. ஒன்றுதான் இருந்தது. மற்ற மூன்றும் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு பீடித் துண்டோடு கிடந்தன.

போன் போட்டேன். "ஒண்ணு போட்டாலே டைட்டா நிக்கும் சார். சும்மா டென்ஷன் ஆவாதீங்க" என்றார்.

டென்ஷன் ஆனேன். தெருவே எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆனேன். என் வீட்டுக்காரி பிபி மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். அந்த ஆள் பாவம், எதற்கு இந்தக் கிழவன் மூன்று ஸ்க்ரூவுக்கு இப்படிக் குதிக்கிறான் என்று குழம்பிப்போயிருப்பார். அவருக்காகவும் உங்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மாதக் கூட்டத்தில் பேச வரச்சொல்லி மூன்று தடவை கூப்பிட்டீர்கள். நேரில் வந்தால் எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும். எழுத்தில் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம்.

கேஸ் எவ்வளவு அடிப்பது, காயிலை எப்படிக் கழுவுவது, இன்வெர்ட்டர் போர்டை எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது, ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போய் மூன்று தடவையும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வந்த ஒரு முட்டாளைப் பற்றி. அந்த முட்டாள் நான்தான்.

தேவராஜ் என்று ஒருவர். நெசவுக்காரர், வீட்டிலேயே மூன்று தறி. அவர் மனைவி எஸ்தர். மகளை மெட்ராஸில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் ஏசி இல்லாமல் தூங்கமாட்டாராம். அதற்காகவே முன்ரூமில் ஒரு ஏசி வாங்கிப் போட்டார்கள். வருடத்தில் நாலு நாள் வருகிற மாப்பிள்ளைக்கு ஒரு ஏசி! நான்தான் மாட்டிக்கொடுத்தேன். அவுட்டோர் யூனிட்டைப் பின்பக்கம் சமையலறைக்கு மேலே இருக்கிற சின்ன மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டு வைத்தேன். மழை படாமல் மேலே தகர ஷீட்டும் இருந்தது. நல்ல இடம்.

மாட்டி முடித்ததும் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அதற்கு முந்தின நாள்தான் இன்னொரு வீட்டில் யூனிட் மேல் ஈரப் பெட்ஷீட்டைக் காயப்போட்டிருந்ததைப் பார்த்து வயிறெரிந்து வந்திருந்தேன். அந்தக் கோபத்தை இங்கே கொட்டினேன். "தோ பாருங்க, இது மேல ஒரு கைக்குட்ட காயப் போட்டீங்கன்னு தெரிஞ்சிதுன்னா, அப்பறம் உங்க ஊட்டுப் பக்கமே தல வெச்சிப் படுக்க மாட்டேன். செத்தாலும் கூப்புடாதீங்க" என்று கத்தினேன். தேவராஜ் தலையை ஆட்டினார். எஸ்தர் முகம் சுண்டிப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் பெரிய கடமையைச் செய்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

ஏன் போடக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. கத்துவதற்கு நேரம் இருந்தது, காரணம் சொல்ல நேரம் இல்லை.

எஸ்தரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூல் தீர்ந்துபோனால் புதுப் பாவை ஏற்றுவார்கள் இல்லையா, அப்போது பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்கவேண்டும். ஒவ்வொரு இழையாக, ஆயிரக்கணக்கில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வேலை, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சாம்பல். கண்கூடத் தேவையில்லை, விரலுக்குத் தெரியவேண்டும். அந்தத் தெருவில் பாவு பிணைக்க எஸ்தரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பிணைத்தால் தறி ஓடும்போது ஒரு இழைகூட அறாது என்பார்கள். பட்டைத் தொட்டே என்ன ரகம் என்று சொல்லிவிடுவார்.

மாட்டிய பிறகு முதல் தடவை நான் போனது வெயில் காலத்தில், சாதாரண சர்வீஸுக்கு. மூடியைக் கழற்றினேன், துடைத்தேன், திரும்ப மாட்டினேன். நாலு ஸ்க்ரூவில் ஒன்றைப் போட்டேன். மூன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த தடவை வரும்போது சுலபமாகக் கழற்றலாமே! இந்த யோசனையை நீங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை தம்பிகளே. உங்களுக்கு முன்னாடியே நாங்கள் எல்லாரும் அந்த அயோக்கியத்தனத்தைச் செய்தவர்கள்தான்.

இரண்டாவது தடவை ஐப்பசியில். அடைமழை. சூரியனைப் பார்த்து ஒன்பது பத்து நாள் ஆகியிருந்தது. தேவராஜ் போனில், "அண்ணே, ஏசி கொஞ்ச நேரம் ஓடுது, அப்பறம் டிரிப்பர் வுழுந்துடுது. ஊடே இருட்டாப் பூடுது" என்றார். டிரிப்பர் என்றால் ஈ.எல்.சி.பி., கரண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாகக் கீழே விழுந்து லைனைத் துண்டிக்கிற சுவிட்ச். போனேன். முன்ரூம் ஐஸ் பெட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. கட்டில் காலி. வெளியே மழை கொட்டுகிறது, ஊரே போர்வையைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு மெக்கானிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தக் குளிரில் யாருக்கய்யா ஏசி? சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். நான் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

மூடிக்குள் ஈரம். மழைச் சாரல் என்று முடிவுகட்டினேன். மேலே தகர ஷீட் இருக்கிறது, சாரல் எப்படி உள்ளே போகும் என்று யோசிக்கவில்லை. துடைத்தேன், மறுபடி அதே ஒரு ஸ்க்ரூவைப் போட்டேன். யூனிட்டின் பக்கவாட்டிலும் கீழே சுவரிலும் சிவப்பாக வழிந்த கறை. அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு மாடியில் கன்னியப்பன் என்கிற பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டு மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இன்னாங்க பெரியவரே, துப்பறதுக்கு வேற எடமே கெடைக்கலியா? மிஷினு மேலயா துப்புவீங்க?" என்று சத்தம்போட்டேன்.

"ஏம்பா, நான் ஏம்பா அங்க துப்பறேன்? எனக்கு இன்னா கிறுக்கா புடிச்சிருக்குது? எங்க ஊட்டுல தொட்டி இருக்குது, வந்து பாரு" என்றார் அவர்.

"கறை பேசுதே!" என்றேன் நான். அவர் பதில் சொல்ல, நான் பதிலுக்குச் சொல்ல, பத்து நிமிடம் தெருவுக்கே வேடிக்கை. ஆரணியில் பிறந்து, பட்டு நூலுக்கு நடுவே வளர்ந்து, அரக்குச் சாயத்துக்கும் வெற்றிலை எச்சிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஜென்மம் நானாகத்தான் இருப்பேன். நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நடந்தது இதுதான். மழை நாளில் சாயப் பட்டறைக்காரர் நூலை ஈரத்தோடு கொடுத்துவிடுவார், உங்கள் வீட்டிலேயே காயவைத்துக்கொள்ளுங்கள் என்று. வெயில் இல்லை. அடுப்பு அனலில் காட்டினால் பட்டு கெட்டுவிடும். நூல் காயாவிட்டால் தறி நிற்கும். முகூர்த்தப் புடவைக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் தினம் போன் செய்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் எஸ்தர் கண்டுபிடித்தார், அவுட்டோர் யூனிட்டிலிருந்து வருகிற காற்று இளஞ்சூடாக, ஒரே சீராக வருகிறது என்று. யூனிட்டின் தலைமேல் ஒரு மூங்கில் கழியை வைத்து அதில் ஈர நூல் சிட்டங்களை வரிசையாகத் தொங்கவிட்டார். இரண்டு நாளில் காயாத நூல் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது. ஏசி ஓடியது யாருக்காகவும் இல்லை, அந்த வெளிக்காற்றுக்காக. ஊரார் அதை முட்டாள்தனம் என்றார்கள். நான் சொல்கிறேன், அது மூளை. அந்த மூளைக்கு யாராவது இரண்டு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் போதும்.

காற்றை மறித்தால் மிஷின் சூடாகித் திணறும் என்பது ஒரு பக்கம். நூலிலிருந்து சொட்டிய சாயத் தண்ணீர் அந்த ஒற்றை ஸ்க்ரூ மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. கரண்ட் ஒயர் சேருகிற இடத்தை நனைத்தது. சாயம் பிடிக்கப் போடுகிற புளிப்புத் தண்ணீர் அது, எர்த் ஒயரைப் பிடித்திருந்த திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒவ்வொரு தடவை டிரிப்பர் விழுந்தபோதும் அது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏன் எஸ்தர் என்னிடம் சொல்லவில்லை? மெக்கானிக் வருகிறான் என்றதும் ஏன் நூலையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் உள்ளே ஒளித்தார்? நான் கத்துவேன் என்றுதான். கைக்குட்டைக்கே அந்தக் குதி குதித்தவன், நூலைப் பார்த்தால் என்ன செய்வான் என்று பயந்து.

மூன்றாவது தடவைக்கு வருகிறேன். அதே மழை, நாலு நாள் கழித்து. அன்று காலையிலிருந்து போளூரில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து போன் மேல் போன். மண்டபத்தில் ஏசி படுத்துவிட்டது, சாயந்திரம் ரிசப்ஷன், பெண் வீட்டார் மேனேஜரைப் பிய்த்துத் தின்கிறார்கள். வண்டியை எடுக்கப்போன நேரத்தில் தேவராஜ் வந்து வழிமறித்தார். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம். அந்த டிரிப்பர் பேஜார் பண்ணிகினே இருக்குது. தறியில வெளக்கும் இல்ல" என்றார்.

போனேன். இந்தத் தடவை மாடிக்குக்கூட ஏறவில்லை. அந்த வீட்டு மாடிக்குப் பதினாலு படி. பதினாலு படி ஏறச் சோம்பேறித்தனம். கீழே மெயின் போர்டு முன்னால் நின்றேன். டிரிப்பரைத் தூக்கிப் போட்டேன், விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. போன் அடித்தது, மேனேஜர். எடுத்து, "வந்துகினே இருக்கேன், ஆன் த வே" என்று பொய் சொன்னேன்.

"அந்தச் சனியன எடுத்துவுட்டு டைரக்டா குடுத்துடுங்கண்ணே. சும்மா சும்மா வுழுதுன்னா அதுதான கெட்டுப்பூட்டுது?" என்றார் தேவராஜ்.

"அப்பிடி எல்லாம் பண்ணக் கூடாதுங்க" என்றேன். சொன்னேன், அதை மறைக்கவில்லை. சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மறுபடி போன் அடித்தது. ஏசி லைனை டிரிப்பரிலிருந்து கழற்றி, மெயின் சுவிட்சிலிருந்தே நேராகக் கொடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. ஏசி ஓடியது. தேவராஜ் கையெடுத்துக் கும்பிட்டார்.

நியாயமாகப் பார்த்தால், கசிவு இருக்கிறது என்று ஒருவன் கத்துகிறான், நான் அவன் வாயில் துணியை அடைத்துவிட்டு, பார், சத்தம் நின்றுவிட்டது என்கிறேன். நீங்கள் டைரக்ட் என்று சொல்கிற அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. யாராவது என் முன்னால் அதைச் சொல்லிப் பாருங்கள்.

எஸ்தர் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தார். நான் ஒயரை மாற்றியதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். திட்டக் கூடாது" என்றார்.

"அப்பறம் கேளும்மா, ஜல்தியாப் போவணும். மண்டபத்துல என்னக் கட்டிவெச்சி ஒதைக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன்.

மண்டபத்து ஏசி ஒன்றும் பெரிய கோளாறு இல்லை. மூன்று மணிக்கு ஓடவைத்துவிட்டேன். மேனேஜர் வாழ்த்தோ வாழ்த்து. இலை போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், சாம்பார் ஊற்றினார்கள், போன் வந்தது.

"அண்ணே, எஸ்தருக்குக் கரண்டு அட்ச்சிருச்சி" என்றார் தேவராஜ்.

காய்ந்த நூலை எடுத்துவிட்டு ஈர நூலை மாட்டப் போயிருக்கிறார். இடது கை மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில். வலது கையில் சொட்டச் சொட்ட நூல். அந்தக் கையின் விரல்கள் யூனிட்டின் தகரத்தைத் தொட்டன. எர்த் இல்லை, டிரிப்பர் இல்லை. கரண்ட் பிடித்துக்கொண்டுவிட்டது. கத்தக்கூட முடியவில்லை. கன்னியப்பன் பெரியவர் தன் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். எழுபது வயதுக்காரர், நடுச்சுவரைத் தாண்டிக் குதித்திருக்கிறார். எஸ்தரைத் தொடாமல், பதினாலு படியும் இறங்கி ஓடிப்போய் மெயினை அடித்து அணைத்திருக்கிறார். மொட்டை மாடியிலிருந்து படி, படியிலிருந்து மெயின், அந்தத் தெருவில் எல்லா வீடும் ஒரே அமைப்பு, அதனால் தேடவேண்டியிருக்கவில்லை. நான் எச்சில் துப்பினார் என்று வாய்க்கு வந்தபடி ஏசிய அந்த மனுஷன்தான் உயிரைக் காப்பாற்றினார்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னைக் காறித் துப்புங்கள், பரவாயில்லை. போளூரிலிருந்து கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேராக அந்த வீட்டுக்குப் போனேன். வீடு திறந்து கிடந்தது. எல்லாரும் ஆஸ்பத்திரியில். தறிகள் மூன்றும் நின்றிருந்தன. மெயின் அணைந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஏசி லைனைத் திரும்ப டிரிப்பரில் சேர்த்தேன். மாடிக்கு ஏறினேன். அரக்கு நிற நூல் தரையில் சுருண்டு கிடந்தது, அதிலிருந்து ஓடிய தண்ணீர் சுவரில் பழைய கறை மேலேயே வழிந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தும் நிற்கவில்லை. ஈரத்தைத் துடைத்தேன், எர்த் ஒயரைச் சுரண்டிப் புதுத் திருகு போட்டு முறுக்கினேன். பையில் தேடி மூன்று ஸ்க்ரூவை எடுத்து மூடிக்குப் போட்டேன். நாலும் சரியாக இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையையும் செய்ததில்லை.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எஸ்தருக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். வலது கையில் கட்டு. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் ஆழமாக வெந்துபோயிருந்தன. வேலூருக்குக் கொண்டுபோகவேண்டும் என்றார்கள். சொந்தபந்தம் எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்றது. தேவராஜ் என்னைப் பார்த்ததும் வெடித்தார்.

"அண்ணே, நீங்க தலதலையா அட்ச்சிகினீங்களே, இது மேல எதயும் போடாதீங்கன்னு. கேட்டாளா இவ? கேட்டாளா?"

அவருக்கும் நூல் போடுவது தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனால் பழி போட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கட்டிலில் படுத்திருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நிபுணன் என்ன சொல்கிறான் என்று. நான் தலையை ஆட்டினேன். "ஈரத்தோட தொடக் கூடாதுங்க" என்றேன். பொய் இல்லை பாருங்கள், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை! எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்திரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். வீட்டில் எரிந்து எரிந்து விழுவேன். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நின்றிருந்தேன். பெரணமல்லூரிலிருந்து வந்த நம் தொழில்காரர் ஒருவர் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த ஊர்ல ஒரு பொம்பள ஏசி மேல நூலு காய வெச்சிதாம்பா! எங்கருந்துதான் இந்த மாதிரி புத்தி வருதோ?" கடையே சிரித்தது. டம்ளரை வைத்துவிட்டு நடந்தே தேவராஜ் வீட்டுக்குப் போனேன்.

அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். கன்னியப்பன் பெரியவரும் அங்கேதான் இருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஒற்றை ஸ்க்ரூவிலிருந்து ஆரம்பித்து, டைரக்ட் கொடுத்தது, அன்று சாயந்திரம் திருடன் மாதிரி வந்து எல்லாவற்றையும் மாற்றியது வரை ஒன்று விடாமல் சொன்னேன். கன்னியப்பன் காலில் விழப்போனேன், அவர் எழுந்து தள்ளிப்போய்விட்டார். "அத வுடுப்பா, எச்சில்னா எச்சில்" என்றார்.

தேவராஜ் தறியை விட்டு இறங்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. தறி நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தார்.

"நாப்பத்திரண்டு நாளா நான் அவளத் திட்டிகினு இருக்கேண்ணே" என்றார். "தெனம் திட்டுனேன். அவளால சோறு போட முடியாம சிந்துது, அதுக்கும் திட்டுனேன்."

இந்தத் தொழிலில் எனக்கு விழுந்த அடியிலேயே பெரிய அடி அது. எந்தக் கெப்பாசிட்டரும் என்னை அப்படி அடித்ததில்லை.

நீங்கள் எல்லாரும் கேட்கிறீர்கள், பாதுகாப்புக்கு என்ன செய்யவேண்டும், லிஸ்ட் கொடுங்கள் என்று. மெயினை அணைத்துவிட்டுக் கை வையுங்கள், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரை நம்பாதீர்கள், யூனிட் மேல் ஏறி நிற்காதீர்கள், எர்த்தைத் தொட்டு இழுத்துப் பாருங்கள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, போய்ப் படியுங்கள். புத்தகத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர்கள் உங்களிடம் எதையோ மறைக்கிறார்கள் என்றால், அவர்கள் மடையர்கள் என்று அர்த்தமில்லை. நீங்கள் அவர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் கோபக்காரன், சாகும்வரை கோபக்காரன்தான். அந்தக் கோபத்தை வீட்டுக்காரர்கள் மேல் காட்டினேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. டிரிப்பர் வாயையாவது அடைக்காமல் இருந்திருக்கலாம்.

அன்று தேவராஜ் வீட்டில் நான் பேசியதையெல்லாம் எஸ்தர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்துவிட்டிருந்தார்கள். விரல் நுனியில் புதுத் தோல் மினுமினுவென்று இருந்தது.

"எனக்குத் தெரியும்ணே" என்றார். "நீங்க ஒயர மாத்துனத பாத்துகினுதான நின்னேன்."

"தெரிஞ்சும் ஏண்டி வாயத் தொறக்கல?" என்று தேவராஜ் கேட்டார்.

"இன்னான்னு சொல்றது? நானுந்தான நூல ஒளிச்சி வெச்சேன்" என்றார். பிறகு என்னிடம், "அன்னிக்குக் காபியோட நின்னனே, அதக் கேக்கத்தாண்ணே நின்னேன். ஈர நூல் போட்றோமே, பரவால்லியான்னு. நீங்க கோவக்காரரு, கேக்கலாமா வேணாமான்னு ரெண்டு நாளா நெனச்சிகினு இருந்தேன். அன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சி" என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துத் தறியில் பாவு தீர்ந்து, புதுப் பாவு பிணைக்க ஆள் வரவேண்டும் என்று காத்துக்கிடந்தது. எஸ்தர் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பாவிலிருந்து ஒரு இழையை இடது கையால் இழுத்து அறுத்து என்னிடம் நீட்டினார்.

"வெரலுக்குத் தெரியுதான்னு டாக்டரு தெனம் இப்பிடிப் பண்ணிப் பாக்கச் சொன்னாரு. ஊட்டுல எல்லாருக்கும் அலுத்துப்போச்சி. நீங்க வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு, வலது கையை என் முன்னால் நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

நான் இழையை அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் வைத்தேன். கட்டைவிரலை மெதுவாக அதன்மேல் சேர்த்துவிட்டேன். அவர் இரண்டு விரலையும் லேசாகத் தேய்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. தலையைச் சாய்த்து, உற்றுக் கேட்பதுபோல் இருந்தார். இழை விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை, கையை நீட்டியபடியே காத்திருந்தார்.

"இன்னும் வெக்கலியாண்ணே?" என்றார்.